துணைக்கு வந்தவளைக் கூப்பிடு

பிரசவ வலியோடு ஒருத்தியை வண்டியில் கொண்டுவந்து இறக்கினால் டாக்டரம்மா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். நர்ஸிடம் இரண்டு வார்த்தை சொல்வார். பிறகு ஆயாவைத் திரும்பிப் பார்த்து, “துணைக்கு வந்தவளக் கூப்பிடு” என்பார். வலியில் கத்துகிறவளுக்கு இது ஆத்திரமாக இருக்கும். எனக்கும் இருந்தது. நான் இங்கே செத்துக்கொண்டிருக்கிறேன், இந்தப் பொம்பளைக்கு என் கூட வந்தவளோடு என்ன பேச்சு என்று நினைத்தேன்.

பொன்னமராவதிப் பக்கம் ஓட்டுக் கட்டடத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. முன்னால் ஒரு நீளப் பெஞ்சு. துணைக்கு வந்தவர்கள் அதில்தான் உட்காருவார்கள். டாக்டரம்மா உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அந்தப் பெஞ்சைத்தான் பார்ப்பார். யார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், யார் எழுந்திருக்கும்போது சேலையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், யார் கொல்லைப் பக்கம் அடிக்கடி போய் வருகிறாள், எல்லாம் அவருக்குக் கணக்கு.

ஒரு நாள் ஒரு பொம்பளை சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாள். மகளைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுவந்தவள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. டாக்டரம்மா இரண்டு தடவை கடந்து போனார். மூன்றாவது தடவை அவள் முன்னால் நின்றுவிட்டார்.

“ஏன் நிக்கிற? உக்காரு.”

“இல்லங்க. நின்னே பழக்கம்.”

“எத்தன வருஷமா நின்னே பழக்கம்?”

அந்தப் பொம்பளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்து கிடக்கிறது. கடைசிப் பிள்ளை பெற்ற சூட்டோடு நாற்று நட இறங்கினவள். துணியைச் சுருட்டி உள்ளே வைத்து, இடுப்போடு கட்டிக்கொண்டு அத்தனை வருஷம் களை எடுத்தாள், தண்ணீர் சுமந்தாள், படுத்தாள், எழுந்தாள். கட்டினவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா ரப்பர் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தி அனுப்பினார். போகும்போது அவள் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள் என்று ஆயா எல்லோரிடமும் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் தனக்காக ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. பிள்ளை பெறப் போவாள். அதுவும் பிள்ளை குறுக்கே விழுந்து, மருத்துவச்சி கையை விரித்த பிறகு. அது பிள்ளைக்காகப் போவது. மற்றபடி இன்னொருத்திக்குத் துணையாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கலாம். அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டாக்டரம்மா வந்த கொஞ்ச நாளிலேயே இதைக் கண்டுகொண்டார். நோயாளிகள் பெஞ்சில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆள் குள்ளம். கறுப்பு. வளையல் கிடையாது. முழங்கை வரை எப்போதும் ஈரம். வேலைக்கு நடுவே அவித்த கடலையை உரித்து வாயில் போட்டுக்கொள்வார். எதிரே கர்ப்பிணி யாராவது நின்றால் அவள் கையிலும் ஒரு பிடி வைத்து, “தின்னு, என் கண்ணு முன்னால தின்னு” என்பார். வீட்டுக்குக் கொண்டுபோனால் யார் வாய்க்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். சொந்த ஊர் எது என்று யாரோ கேட்டபோது, “ஊரச் சொன்னா சாதி கேப்பீங்க. சாதியச் சொன்னா கல்யாணம் ஆச்சான்னு கேப்பீங்க. வயித்தக் காட்டு” என்றார். அதோடு யாரும் கேட்கவில்லை.

பிள்ளை பிறந்ததும் வெளியே நிற்கிற ஆம்பளைகள் முதலில் கேட்பது ஒன்றுதான். அதற்கு அவர் சொல்கிற பதிலும் ஒன்றுதான். “மொதல்ல பொண்டாட்டி உசுரோட இருக்காளான்னு கேளு. இருக்கா. இப்ப அடுத்ததக் கேளு.” அடுத்ததைக் கேட்க அவர்களுக்கு வாய் வராது. அவரும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார். ஆயாதான் வந்து சொல்ல வேண்டும்.

பொம்பளைகள் எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். பணக்கார வீட்டுப் பெண் என்றாலும் அப்படித்தான். சின்னப் பெண்களிடம் மட்டும் ‘நீங்க’ என்பார். அது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என்னை முதல் தடவை அப்படிக் கூப்பிட்டவர் அவர்தான். அதற்கு முன்னால் யாரும் கூப்பிட்டதில்லை.

எனக்குப் பதினைந்து முடிந்தும் வயதுக்கு வரவில்லை. சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவில் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். அப்பா யுத்தம் முடிந்த கையோடு மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர், பணம் அனுப்பினார், ஆள் வரவில்லை. வீட்டில் ஆத்தா, அண்ணன், நான். அப்பாவின் தங்கச்சி, எங்கள் அத்தை, என்னைத் தன் ஒரே மகனுக்கு என்று சொல்லி வைத்திருந்தாள். அவள் ஒரு நாள் வந்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே, “ஆகாத புள்ளன்னா இப்பவே சொல்லிருங்க மதினி, நான் வேற எடம் பாக்குறேன்” என்றாள். அதனால் ஆத்தா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். என் உடம்புக்காக இல்லை. அத்தைக்குப் பதில் சொல்வதற்காக.

டாக்டரம்மா ஆத்தாவை வெளியே போகச் சொன்னார். “நீங்க சொல்லுங்க” என்றார் என்னைப் பார்த்து. எனக்கு யாரைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அண்ணன் சாப்பிட்ட பிறகு இருப்பதை என்றேன். கண் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், படுக்க வைத்துப் பார்த்தார். “ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. ஒடம்புல ரத்தம் இல்ல. தின்னுங்க. அது வரும்போது வரும்” என்றார். பிறகு ஆத்தாவை உள்ளே கூப்பிட்டு, மகனுக்கு ஊற்றுகிற பாலில் பாதியை மகளுக்கு ஊற்றச் சொன்னார். ஆத்தா தலையை ஆட்டினாள். போகலாம் என்று திரும்பியபோது டாக்டரம்மா கேட்டார்.

“ஒனக்கு என்ன செய்யுது?”

“எனக்கு என்னங்க. நான் துணைக்கு வந்தவ” என்றாள் ஆத்தா, சிரித்துக்கொண்டு. அப்போது அவளுக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லை.

பால் பாதி வரவில்லை. கால்வாசி வந்தது. அடுத்த வருஷம் நான் வயதுக்கு வந்தேன். அத்தை தாம்பாளத்தோடு வந்தாள்.

துணைக்குப் போகிறவளை டாக்டரம்மா பார்த்து மருந்து கொடுக்கிறார் என்பது கொஞ்ச நாளில் சுற்றுவட்டாரம் முழுக்கப் பொம்பளைகளுக்குத் தெரிந்துவிட்டது. ஆம்பளைகளுக்குத் தெரியவில்லை. யாருக்காவது வலி எடுத்தால் போதும், துணைக்கு நான் நீ என்று போட்டி. என் தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டிலிருந்து போன வண்டியில் நான்கு பேர் ஏறினார்கள். ஆத்தா ஒருத்தி. மாதாமாதம் ரத்தம் பெரும்பாடாகப் போகிற சின்னம்மா ஒருத்தி. பிள்ளையில்லாத எதிர்வீட்டுக்காரி. வெள்ளைபட்டு உடம்பு உருகிப்போன இன்னொருத்தி. மாட்டோடு நடந்து வந்த அண்ணன், “வலி ஒருத்திக்கு, வண்டி நெறைய ஆளு” என்று வழியெல்லாம் முனகினான். என்னை வண்டியின் மூலையில் ஒடுக்கி வைத்திருந்தார்கள். காலை நீட்ட இடமில்லை. டாக்டரம்மா வெளியே வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, “பிரசவம் யாருக்கு?” என்று கேட்டார். “எனக்குத்தாங்க” என்று உள்ளேயிருந்து நான்தான் கத்த வேண்டியிருந்தது.

எனக்கு வலி வருவதற்கும் விடுவதற்கும் நடுவில் அவர் ஆத்தாவைத் தவிர மற்ற மூவரையும் பார்த்து முடித்தார். எதிர்வீட்டுக்காரியிடம், அடுத்த தடவை புருஷனைத் துணைக்குக் கூட்டி வா, அவனைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது எனக்கு அந்த வலியிலும் காதில் விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடைசி வரை அவள் புருஷன் வரவில்லை. வேறொருத்தியைக் கட்டினான். அவளுக்கும் பிள்ளை இல்லை.

ஆத்தாவை அன்றும் கேட்டார். அன்றும் அவள் அதே பதிலைத்தான் சொன்னாள்.

பிறகு ஆம்பளைகளுக்கும் விஷயம் தெரிந்தது. பிரசவத்துக்குத் துணை ஒருத்தி போதும், அவளும் வீட்டு ஆம்பளை சொல்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் பேசி வைத்தார்கள். நோவு நொடி இல்லாத, அதிகம் பேசாத கிழவியாகப் பார்த்து அனுப்பினார்கள். டாக்டரம்மா விடவில்லை. கிழவி அசதியாக இருக்கிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டாள், வேறு ஆளை அனுப்பு என்று வண்டியைத் திருப்பி அனுப்புவார். ஆள் வரும். அவளைப் பார்த்து முடித்ததும், இவளும் சரியில்லை, வேறு ஆள் என்பார். பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிற நாளெல்லாம் ஊரிலிருந்து துணை மாறிக்கொண்டே இருக்கும். சில வண்டிக்காரர்கள் அவரைத் திட்டினார்கள். அவர் காதில் வாங்கியதில்லை.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அவர் தெய்வம் மாதிரி ஆகிவிடுவார். அவர் தெய்வம் இல்லை. குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து ஒருத்தி அக்காவின் பிரசவத்துக்குத் துணைக்கு வந்திருந்தாள். சின்ன வயது. தாலி இல்லை. புருஷன் செத்து மூன்று நான்கு வருஷம். பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து சேலையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா உள்ளேயிருந்து வந்தார். பார்த்தார். பழக்க தோஷம். பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது, அக்காளின் மாமியாரும் அதே பெஞ்சில் இருக்கும்போது, “ஒனக்கு எத்தன மாசம்?” என்று கேட்டுவிட்டார்.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். என் இரண்டாவது பிள்ளை வயிற்றில். அந்தப் பெண் சேலையை இன்னொரு தடவை இழுத்துப் போர்த்தினாள். எழுந்தாள். நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. டாக்டரம்மா கூப்பிட்டார், அவள் நிற்கவில்லை. ஆயாவை ஓடவிட்டார். ரோடு வரை போய்ப் பார்த்துவிட்டு ஆயா வெறுங்கையோடு வந்தாள். அந்தப் பெண் தன் ஊருக்குப் போகவில்லை. எங்கே போனாள், என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் கஷ்டப்பட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா மட்டும் வருகிற வண்டிக்காரர்களிடமெல்லாம் விசாரித்தார். அந்த மாதமே பக்கத்து அறைக்குத் தச்சனைக் கூப்பிட்டுக் கதவு போட்டார். அதற்குப் பிறகு பெஞ்சில் வைத்து யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கதவுக்கு உள்ளேதான். கதவு போட்டதால் போனவள் திரும்பி வந்துவிட்டாளா?

என் இரண்டு பிள்ளைகளும் ஓடியாடித் திரிகிற காலத்தில்தான் ஆத்தாவுக்கு வந்தது. நான் சில நாள் தங்கப் போயிருந்தேன். விடிந்ததும் விடியாததுமாக ஆத்தா கிணற்றடியில் தனியாகத் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தீட்டு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. என்ன ஆத்தா இது என்று கேட்டேன். சூடு என்றாள். எத்தனை நாளாக என்றேன். துணியை மறுபடி தண்ணீரில் முக்கினாள். பக்கத்தில் போனபோது வாடை அடித்தது. அது தீட்டு வாடை இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். வர மாட்டேன் என்றாள். அண்ணனிடம் சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்கப்பா கப்பலேறி எம்புட்டுக் காலமாச்சு. எனக்கு அந்த எடத்துல நோவுன்னா ஊரு என்ன கேக்கும்? ஒங்க அத்த என்ன கேப்பா?”

அத்தை என்ன கேட்பாள் என்று எனக்கும் தெரியும். அவள் இப்போது என் மாமியார். ஆத்தாவுக்கு நாத்தனார். தன் அண்ணன் இல்லாத வீட்டில் மதினி எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பதுதான் அவள் வாழ்நாள் வேலை. பெண்ணைக் கொடுத்த பிறகு, தன்னை விட இளையவளான அவளை ஆத்தா ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அதனால் எனக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். தரையில் சுருண்டு படுத்துக் காட்டினேன். அண்ணன் வண்டி கட்டினான். ஆத்தா துணைக்கு ஏறினாள்.

டாக்டரம்மா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். வயிற்றைத் தொடக்கூட இல்லை. “நீ வெளிய இரு” என்று சொல்லிவிட்டு ஆத்தாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். வெகு நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார். ஆத்தா மேசையில் உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டே டாக்டரம்மா சொன்னார்.

“கர்ப்பப்பை வாயில புண்ணு. கெட்ட புண்ணு. இன்னும் முத்தல. மதராசுல ரேடியம் வைப்பாங்க, வச்சா பொழைக்கலாம். இங்க இருந்தா சாவு. அதுவும் சட்டுன்னு வராது.”

ஆத்தா, செத்துப்போகிறேன் என்றாள். சும்மா சொல்லவில்லை. மதராசுக்குப் போனால் ஏன் என்று ஊர் கேட்கும், இதைத் தெரிந்துகொண்டு ஊர் பேசுவதற்குச் சாவதே மேல் என்றாள். டாக்டரம்மா கத்தினார். ஆத்தா அசையவில்லை. நான், நோவு எனக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், நீ துணைக்கு வா என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

ஆத்தா தலையை நிமிர்த்தினாள். டாக்டரம்மா கடலை உரிக்கிற கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒன் புருஷன் வீடு?”

“நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணனை உள்ளே கூப்பிட்டார். ரெண்டு பேரும் மதராசுக்குப் போகணும், வைத்தியம் இருக்கு, தள்ளிப்போடக் கூடாது என்றார். அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வைத்தியம் யாருக்கு என்று கேட்டான்.

“பொம்பளைக்குத்தான். ஆம்பளைக்கு நான் வைத்தியம் பாக்குறதில்ல” என்றார்.

அவன் வழியெல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஆத்தாவைப் பார்க்கவில்லை.

திருச்சி போய் ரயில் ஏறினோம். மதராசில் நம்மை யாருக்குத் தெரியும், அங்கே ஆத்தா பேரிலேயே சேர்ந்தாள். அவள் கட்டிலில், நான் கட்டிலுக்குக் கீழே. ரேடியம் வைத்தார்கள். அவள் பட்ட பாட்டை எழுத மாட்டேன். அதற்கு நடுவிலும் பக்கத்துக் கட்டில்காரி, என்ன உடம்புக்கு என்று கேட்டபோது, “மகளுக்கு முடியல, துணைக்கு வந்தேன்” என்றாள், கட்டிலில் படுத்தபடியே. அந்தப் பொம்பளை குனிந்து கீழே கிடந்த என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி ஆத்தாவைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆத்தா தேறினாள். ஊருக்கு வந்தோம். வந்த பிறகுதான் எனக்கு நோய் வந்தது.

அத்தை எனக்குத் தனித்தட்டு வைத்தாள். தனிப் பாய். பிள்ளைகளைத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டாள். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று தெருவெல்லாம் சொன்னாள். என் புருஷன் நெல் மில்லில் வேலை பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவரிடம் ஒன்றைச் சொன்னால் கை கழுவி இலையில் உட்காருவதற்குள் அது அத்தை காதுக்குப் போய்விடும். அதனால் அவரிடமும் நான் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார். அறந்தாங்கிப் பக்கம் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் வந்து போனார். அத்தை அவருக்கு மோர் கொடுத்ததை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். தனித்தட்டையும் தரகரையும் சொல்லி, எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்து சொல்லுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“சொல்ல மாட்டேன்” என்றார். “ஒனக்கு இல்லன்னா யாருக்குன்னு அடுத்த கேள்வி வரும்.”

“வந்தா வரட்டும். என் வீடு போகுது டாக்டரம்மா.”

“ஒரு தடவ பெஞ்சுல வச்சுச் சொன்னேன். போனவ போனதுதான். இனி ஒருத்தி நோவ நான் வெளிய சொல்ல மாட்டேன். ஒன் ஆத்தா ஒடம்பு, அவதான் சொல்லணும். அவளப் போய்க் கேளு.”

“ஒங்களுக்குப் புருஷன் இருந்தா இது தெரியும்” என்றேன்.

“இருந்தாலும் சொல்ல மாட்டேன்” என்றார்.

அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், சாப்பிட்டியா என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அவரைப் பற்றி அன்றைக்கு நினைத்ததை இன்றைக்கும் முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கு ஒருத்தி போன பாவம். அதற்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ஆத்தாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால், செத்திருப்பேனே, நீதானே இழுத்துக்கொண்டு போனாய் என்பாள்.

நான் கேட்காததை டாக்டரம்மா கேட்டார். அண்ணன் பெண்டாட்டி மாசமாக இருந்தாள். அவளுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு ஆத்தா தன் உடம்பைக் காட்டப் போயிருக்கிறாள். கதவுக்குள்ளே பார்த்து முடித்துவிட்டு, “ஒன் மக தனித்தட்டுல திங்கிறா. ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆயா சொல்லித்தான் எனக்கு இது பின்னால் தெரிந்தது.

இரண்டாம் நாள் முற்பகலில் ஆத்தா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அத்தை முற்றத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க மதினி என்று ஒப்புக்குச் சொன்னாள். ஆத்தா உள்ளே வரவில்லை. வெயிலில் நின்றபடியே சொன்னாள்.

“நோவு எனக்கு. என் மகளுக்கு இல்ல. மதராசுல ரேடியம் வச்சது எனக்கு. அவ எனக்குத் துணைக்கு வந்தவ.”

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்தேன். அத்தை கையில் இருந்த வற்றலைக் கீழே போடவில்லை.

“எங்க அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நீங்க எழுதிப்போடணும்னா போடுங்க. அவளுக்கு ஒரே தட்டுல சோறு போடுங்க.”

அத்தை வற்றலைப் பரப்பிக்கொண்டே இருந்தாள். பரப்பியதையே மறுபடி பரப்பினாள். நான் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து என்ன வரும் என்று எனக்கு முப்பது விதமாகத் தெரியும். ஆத்தாவும் அதற்குத்தான் நின்றாள்.

“அந்த டாக்டரம்மா எல்லாரும் இருக்கையிலயா பாப்பா?” என்று கேட்டாள் அத்தை.

“கதவு இருக்கு” என்றாள் ஆத்தா.

“வலிக்குமா?”

“வலிக்கும்.”

அத்தை மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். எங்கள் இருவரையும் பார்க்காமல் கேட்டாள்.

“நான் போனா, நீங்க துணைக்கு வருவீங்களா மதினி?”

அவளுக்கு என்ன என்று அப்போதுகூட அவள் சொல்லவில்லை. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஒரே கிணற்றில் குளிக்கிறோம். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அவள் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு எதையும் கவனித்திருக்க மாட்டேன். தரகர் பிறகு வரவில்லை. அதற்காக அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

அந்த வாரமே மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா வெளியே வந்து பெஞ்சைப் பார்த்தார். ஆத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். வைத்தியம் யாருக்கு என்று கேட்கவில்லை. ஆயாவிடம், துணைக்கு வந்தவளக் கூப்பிடு என்று வழக்கம்போலச் சொன்னார். அத்தை துணை என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். அத்தை எழுந்து, பெஞ்சில் மற்றவர்கள் இருக்கும்போதே, “துணைக்கு வந்தவங்க இவங்க ரெண்டு பேருங்க. வைத்தியம் எனக்குத்தான்” என்றாள். டாக்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவு அவ்வளவு நல்ல கதவு இல்லை. டாக்டரம்மாவின் குரலோ ஊருக்கே கேட்கிற குரல். கொஞ்ச நேரம் கழித்து அவர் திட்டுவது கேட்டது. இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தாய், சுற்றுவட்டாரத்துப் பொம்பளைகள் எல்லாம் யாராவது ஒருத்திக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு வந்து போகிறார்களே, உனக்கு மட்டும் வழி தெரியவில்லையா என்று கேட்டார்.

அத்தையின் குரல் மெதுவாகத்தான் கேட்டது.

“எனக்குப் பொம்பளப் புள்ள இல்லீங்களே. ஒத்த மகன். மருமக ரெண்டும் பெத்தது அவ ஆத்தா வீட்டுல. நான் யாரு பிரசவத்துக்குங்க துணைக்கு வர்றது?”

டாக்டரம்மா திட்டுவதை நிறுத்திவிட்டார். ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.